சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டோடு ஸ்பானியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பெற்றோரும் முன்பள்ளி ஆசிரியைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம்.

ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். சொல்லின் நடுவில் க்க, த்த, ப்ப என்று இரட்டித்திருந்தால் அழுத்திச் சொல்லுங்கள். ஒற்றையாக இருந்தால் 'மகன்', 'அது', 'கோபம்' என்பவற்றில் வருவதுபோல மெதுவாகச் சொல்லுங்கள்.

ஸ்பானியம் படிச்சு இங்க என்ன செய்யப் போகுது புள்ள?

ஸ்பானியம் 20 நாடுகளில் அரச மொழி. அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ஏறக்குறைய 50 கோடி. நமக்குக் கிட்டவே பார்த்தால், மே முதல் செப்ரெம்பர் வரை அறுகம்பேக்கு அலைச்சறுக்க வருகிறவர்களில் ஸ்பானியம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் பிரான்சிலும் இருக்கும் மச்சான் மச்சாள்மார் பள்ளியில் படிக்கும் மொழிகளில் இதுவும் ஒன்று. பந்து விளையாடும் பிள்ளைக்கு மெஸ்ஸி எந்த மொழியில் பேசுகிறார் என்பதே போதுமான காரணம்.

இவை ஒன்றுமே இல்லாவிட்டாலும், ஐந்து வயதில் ஒரு புது மொழியின் ஓசைக்குக் காது திறப்பது பிள்ளைக்கு நல்லது. தமிழ்ப் பிள்ளைக்கு ஸ்பானியம் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது கீழே போகப் போகத் தெரியும்.

எனக்கே ஸ்பானியம் தெரியா. நான் எப்பிடிப் புள்ளைக்குச் சொல்லிக்குடுக்கிற?

பிள்ளையைவிட ஒரு வாரம் முன்னால் நின்றால் போதும். ஒரு வாரத்துக்கு ஐந்தாறு சொற்கள், ஒரு சின்ன வசனம். அவற்றைத் தாய்மொழிக்காரர் சொல்லுவதை முதலில் நீங்கள் கேட்டுப் பழகுங்கள். ஃபோர்வோ என்ற இணையத்தளத்தில் ஒவ்வொரு சொல்லையும் வெவ்வேறு நாட்டவர் தங்கள் குரலில் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லை மூன்று பேர் குரலில் கேளுங்கள். ஒருவரை மட்டும் கேட்டால் அவருடைய தனிப் பழக்கமும் சேர்ந்து வந்துவிடும்.

உங்களால் சரியாகச் சொல்ல முடியாத சொல்லை நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். தொலைபேசியில் ஓடவிட்டு, பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் சொல்லிப் பாருங்கள். பிள்ளை உங்களை முந்திவிடும், அதில் அதற்கு இருக்கும் சந்தோசமே பாதிப் பாடம்.

எத்தின வயசில தொடங்கலாம்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

மூன்று வயதில் தொடங்கலாம், எழுத்து இல்லாமல். மூன்று முதல் ஐந்து வரை ஒரு தடவைக்கு எட்டுப் பத்து நிமிடம். ஆறு ஏழு வயதில் பதினைந்து. எட்டு வயதுக்கு மேல் இருபது, இருபத்தைந்து. கிழமைக்கு நாலைந்து நாள் வேண்டும். சனிக்கிழமை மட்டும் இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்தால், அடுத்த சனிக்குள் முக்கால்வாசி போய்விடும்.

நேரத்தை ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள்: குளிப்பாட்டும்போது உடம்பின் உறுப்புகள், சாப்பாட்டு நேரம் உணவுப் பெயர்கள், பள்ளிக்கு வெளிக்கிடும்போது உடுப்பு. தனியாக 'ஸ்பானிய வகுப்பு' என்று நேரம் தேடுகிற வீடுகளில்தான் அது விரைவில் நின்றுபோகிறது.

தமிழ், இங்கிலிஷ், சிங்களம், ஓதப் போற புள்ளைக்கு அரபும் இருக்கு. இன்னொண்டும் எண்டா குழம்பாதா?

கலந்து பேசும், ஆனால் அது குழப்பம் அல்ல. 'அம்மா, ஆகுவா தாங்க' என்று பிள்ளை கேட்டால், தண்ணீருக்கு ஸ்பானியச் சொல் அதற்குக் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். தமிழில் நீங்கள் பேசுவதைக் குறைக்காமல் இருந்தால் தமிழுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்பானியத்துக்கு ஒரு அடையாளம் வையுங்கள்: ஒரு தொப்பி, ஒரு கைப்பொம்மை, அல்லது விறாந்தையில் ஒரு பாய். அது வெளியில் வந்தால் ஸ்பானியம், உள்ளே போனால் தமிழ்.

காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பிள்ளைகளுக்கு அரபு ஒரு பெரிய கைகொடுப்பு. ஸ்பெயினின் பல பாகங்கள் 711 முதல் 1492 வரை முஸ்லிம் ஆட்சியில் இருந்ததால் ஸ்பானியத்தில் அரபுச் சொற்கள் நிறைய. சீனி 'அசூக்கார்', எண்ணெய் 'அசேய்த்தே', அரிசி 'அறோஸ்'. அரபில் சுக்கர், ஸைத், ருஸ். 'அப்படி நடக்கட்டும்' என்று ஆசைப்படும்போது சொல்லும் 'ஓஹலா' என்ற சொல்லுக்குள்ளே அல்லாஹ்வின் பெயரே இருக்கிறது. ஓதுகிற பிள்ளைக்கு ஸ்பானியத் தொண்டை ஓசையும் வந்துவிடும்: 'காலித்' என்ற பெயரை அரபில் சொல்லும்போது வரும் முதல் ஓசைதான் அது. இந்தப் பக்கத்தில் 'ஹ' என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் அந்த ஓசை.

இங்கிலிஷ் நல்லா வந்த பிறகுதானே ஸ்பானியம் தொடங்கவேணும்?

வேண்டாம். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்: ஸ்பானியத்தைத் தமிழ் வழியாகவே சொல்லிக்கொடுங்கள். ஆங்கிலம் வழியாகப் போனால் சுற்றுவழி, வழியில் ஓசைகளும் கெட்டுப்போகும்.

முதலில் ஓசை. ஸ்பானியத்துக்கு அ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே உயிர். ஐந்தும் தமிழ்ப் பிள்ளை வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்பானியத் த நாக்கு பல்லில் படும் நம்முடைய த. விரலுக்கு 'தேதோ'; அதில் இரண்டாவது த 'அது' என்பதில் வரும் மெல்லோசைதான். நண்பன் 'அமீகோ'வில் உள்ள க கிட்டத்தட்ட 'மகன்' க. ஞ இருக்கிறது, ச்ச இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளை மாதக் கணக்கில் பழகவேண்டியதை நம் பிள்ளை முதல் நாளே சொல்லிவிடும்.

அடுத்தது வசன அமைப்பு. 'மே குஸ்தா எல் மாங்கோ' என்றால் எனக்குப் பிடிக்கும் மாம்பழம். 'மே துவேலே லா கபேசா': எனக்கு வலிக்கிறது தலை. 'செ மே ஒல்பிதோ': எனக்கு மறந்துபோச்சு. மூன்றிலும் 'மே' நம்முடைய 'எனக்கு' வேலையைச் செய்கிறது. ஆங்கிலம் வழியாக வந்த பிள்ளை 'நான்' என்று தொடங்கப் பார்த்துத் தடுமாறும். தமிழ்ப் பிள்ளையிடம் '"எனக்கு" எண்டு தொடங்கு' என்று சொன்னால் முடிந்தது. 'போறன்', 'போறாய்' என்று வினை முடிவிலேயே ஆளைக் காட்டுவதும், நான், நீ என்பதை விட்டுவிட்டுப் பேசுவதும் இரண்டு மொழிக்கும் பொது.

முதல்ல எந்தச் சொல்லுகளச் சொல்லிக்குடுக்கிற?

வீட்டுக்குள்ளே ஒரு சுற்று வாருங்கள். போர்த்துக்கேயர் 1628 இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டி, 1638 இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். கோட்டை கைமாறினாலும் அவர்கள் மொழிச் சொற்கள் நம் வீடுகளில் தங்கிவிட்டன. மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் அந்த மொழியே ஒரு வடிவில் இன்றும் இருக்கிறது. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே மேசை 'மேசா', சப்பாத்து 'சப்பாத்தோ', பாண் 'பான்', அலுமாரி 'அர்மாரியோ', துவாய் 'தொஆயா', குசினி 'கொசீனா', பொத்தான் 'பொத்தோன்', இருக்கும் வாங்கு 'பான்க்கோ'. பான்க்கோவிலும் பொத்தோனிலும் முதல் எழுத்தை 'பஸ்' மாதிரிச் சொல்லவேண்டும்.

விளையாட்டு இது. நீங்கள் 'மேசா!' என்று கூப்பிட, பிள்ளை ஓடிப்போய் மேசையைத் தொடவேண்டும். எட்டுச் சொல்லையும் ஒரே நாளில் சொல்லலாம், ஏனென்றால் பிள்ளைக்கு அவை புதிதல்ல. ஒரு இடத்தில் மட்டும் கவனம்: கதிரைக்கு ஸ்பானியத்தில் 'சீயா'. 'கதேரா' என்று சொன்னால் இடுப்பு.

அதற்குப் பிறகு வணக்கச் சொற்கள் (ஓலா, அதியோஸ், க்ராசியாஸ், போர் ஃபபோர்), ஒன்று முதல் பத்து, உடம்பின் உறுப்புகள். நிறங்களில் பச்சை 'பேர்தே', நீலம் 'அசூல்' இரண்டையும் முதலில் எடுங்கள்; காரணத்தை 'எல்', 'லா' பற்றிய கேள்வியில் சொல்கிறோம்.

காசு செலவில்லாம வீட்டிலயும் முத்தத்திலயும் என்ன விளையாட்டு விளையாடலாம்?

நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த விளையாட்டையே எடுங்கள். விதியை விளங்கப்படுத்தும் நேரம் மிச்சம்.

கொக்குப் பற பற: நீங்கள் 'லா கார்சா புவேலா' (கொக்கு பறக்கும்) என்றால் எல்லோரும் கையைத் தூக்கவேண்டும். 'எல் லோரோ புவேலா' (கிளி), 'எல் குவேர்போ புவேலா' (காகம்) என்று வேகமாகப் போய், திடீரென்று 'லா பாக்கா புவேலா' என்று மாட்டைப் பறக்கவிடுங்கள். கை தூக்கிய பிள்ளை அடுத்த சுற்றுக்குக் கூப்பிடும் ஆள். வெளியேற்றாதீர்கள், வெளியே போன பிள்ளைக்குக் கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விடும், அதிகம் கேட்கவேண்டியதும் அந்தப் பிள்ளைதான்.

ஒளிச்சுப் பிடிச்சு: கண்ணைப் பொத்தி எண்ணுவது ஸ்பானியத்தில். ஊனோ, தோஸ், த்ரேஸ், குவாத்ரோ, சின்க்கோ, செயிஸ், சியேத்தே, ஓச்சோ, நுவேபே, தியேஸ். ஒளிக்க நேரம் வேண்டும் என்பதால் மற்றப் பிள்ளைகளே 'தியேஸ் வரைக்கும் எண்ணு' என்று காவல் நிற்பார்கள். ஒரு பின்னேரத்திலேயே எண்கள் பல தடவை வாயில் வந்துவிடும்.

கட்டளை விளையாட்டு: சால்த்தா (குதி), கோறே (ஓடு), பாரா (நில்), பாய்லா (ஆடு), சியென்த்தத்தே (இரு). அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் இருந்து வளர்த்த முறை இது. கேட்டதை உடம்பால் செய்வது, பேச வற்புறுத்தாமல் விடுவது. முதல் இரண்டு நாளும் நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். மூன்றாம் நாள் சொல்லிவிட்டு அசையாமல் நில்லுங்கள்; அப்போதுதான் பிள்ளை சொல்லைக் கேட்டுச் செய்கிறதா, உங்களைப் பார்த்துச் செய்கிறதா என்று தெரியும். கட்டளை வரிசையை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். ஒரே வரிசையில் சொன்னால் பிள்ளை பாடமாக்குவது வரிசையைத்தான்.

படக் காட் விளையாட்டு ஒண்டு சொன்னாங்க. அத எப்பிடிச் செய்யிற?

மெக்சிக்கோவில் வீட்டுக்கு வீடு இருக்கும் 'லொத்தெரீயா'. அங்கே 54 படச் சீட்டும், 16 படம் கொண்ட பலகைகளும். ஒருவர் சீட்டை எடுத்துக் கூப்பிட, தன் பலகையில் அந்தப் படம் உள்ளவர் அவரை விதையை வைப்பார். சின்னப் பிள்ளைகளுக்கு 24 சீட்டும் ஒன்பது கட்டப் பலகையும் போதும். நாலு வயதுக்கு நாலு கட்டம்.

ஏ4 தாளை மூன்று தடவை பாதி பாதியாக மடித்தால் எட்டுத் துண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 × 10 சென்ரிமீற்றர். மூன்று தாளில் 24 சீட்டு. பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒட்டுங்கள். வெறும் தாள் என்றால் வெளிச்சத்தில் மறுபக்கம் தெரிந்து பிள்ளை கண்டுபிடித்துவிடும். படங்களை நம் ஊரிலிருந்தே எடுங்கள்: தேங்காய் கோக்கோ, மாம்பழம் மாங்கோ, அன்னாசி பீஞா, பப்பாசி பப்பாயா, மீன் பேஸ், நண்டு கங்க்ரேஹோ, இறால் கமரோன், மாடு பாக்கா, யானை எலெஃபான்த்தெ, சேவல் காயோ, நாய் பேறோ, பூனை காத்தோ, சூரியன் சோல், நிலா லூனா, கடல் மார், தோணி பார்க்கா, வீடு காசா, முட்டை உவேபோ, பூ ஃப்ளோர், பந்து பெலோத்தா, மேசா, சப்பாத்தோ, பான். பாலம் 'புவென்த்தெ', அதற்குக் கல்லடிப் பாலத்தை வரையுங்கள், பார்த்ததும் தெரியும். இடம் பிடிக்கப் புளியங்கொட்டை. மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கை இருந்தால் போத்தல் மூடியைப் பாவியுங்கள், புளியங்கொட்டை வாய்க்குள் போகும்.

அதிகம் பிழைக்கும் இடம் கூப்பிடுவதில். சீட்டைக் காட்டிக்கொண்டே சொன்னால் பிள்ளை படத்தோடு படத்தைப் பொருத்தும், காதுக்கு வேலை இல்லை. முதலில் சொல்லுங்கள், மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், பிறகு காட்டுங்கள். பலகைகள் ஒன்றுபோல இருந்தால் எல்லோரும் ஒரே நேரம் வெல்லுவார்கள். எந்த இரண்டு பலகையிலும் பாதிக்கு மேல் படங்கள் ஒன்றாக வராமல் பாருங்கள். இரண்டாம் வாரம் ஒரு பிள்ளையைக் கூப்பிட விடுங்கள். மெக்சிக்கோவில் கூப்பிடுகிறவர் சில நேரம் பெயரைச் சொல்லாமல் விடுகதை போட்டுக் கூப்பிடுவார். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'பேர்தே, உருண்டை, உள்ளே ஆகுவா' என்று பாதித் தமிழில் போட்டாலும் கோக்கோ வந்துவிடும்.

தமிழ் எழுத்தில எழுதிப் படிப்பிச்சா பிழையா?

உங்கள் ஞாபகத்துக்கு எழுதுங்கள், பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். தமிழ் எழுத்து ஒரு ஓசையைச் சுட்டும், மற்றதை மறைக்கும். 'காத்தோ'வின் முதல் எழுத்து 'கார்'இல் வருவதா 'காஸ்'இல் வருவதா என்று எழுத்தில் தெரியாது. அது 'காஸ்'.

இன்னொரு இடம் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம். தமிழில் ங்க, ந்த, ம்ப என்று வந்தால் வல்லினம் தானாக மென்மையாகும்: பங்கு, பந்து, பாம்பு. அதே பழக்கத்தில் பிள்ளை ஐந்தைச் 'சிங்கு'வில் வரும் ஓசையோடு 'சிங்கோ' என்று சொல்லும், சரி 'சின்க்கோ'. புவென்த்தெ, பான்க்கோ எல்லாம் இதே கதை. திருத்த ஒரு வழி: ன் இல் நிறுத்தி, மூச்சு விட்டு, அடுத்ததைச் சொல்ல வையுங்கள். சின் – க்கோ. மெதுவாகத் தொடங்கிச் சேர்த்துக்கொண்டு வந்தால் ஓரிரு வாரத்தில் பிடிபடும்.

'பேறோ' எண்டு உருட்டிச் சொல்ல வருகுதில்ல. நாக்குல ஏதும் பிரச்சினையா?

இல்லை. ஸ்பானியத் தாய்மொழிப் பிள்ளைகளுக்கே கடைசியாக வரும் ஓசை இதுதான்; ஐந்து ஆறு வயதிலும் சிலருக்கு வராது. ர, ற இரண்டையும் நாம் எழுத்தில் பிரித்தாலும் பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகவே சொல்கிறோம், ஆகவே நம் பிள்ளைக்கும் புதிது. ஸ்பானியத்தில் வித்தியாசம் முக்கியம்: 'பேரோ' என்றால் ஆனால், 'பேறோ' என்றால் நாய்.

மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் பண்ணும் சத்தம் போட விடுங்கள், 'ட்றுறுறு'. அந்தச் சத்தம் வந்தால் அதன் முன்னால் 'பே' வைத்து, பின்னால் 'ஓ' வைத்தால் சொல் ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் போதும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், வாயைப் பிடித்துத் திருத்தினால் மற்றச் சொற்களையும் சொல்லப் பயப்படும்.

யூடியூப்பில போட்டு விட்டா தானாப் படிக்காதா?

தானாகப் படிக்காது. காணொளி நல்ல காதுப் பயிற்சி, ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். தாய்மொழிக்காரர் பேசுவதாக, ஒரே விசயத்தைப் பற்றியதாக, மூன்று நாலு நிமிடத்துக்குள் முடிவதாக ஒன்றைத் தேர்ந்து, ஒரு வாரம் முழுக்க அதையே போடுங்கள். தேடும்போது ஆங்கிலத்தில் தேடாமல் ஸ்பானியச் சொற்களையே இட்டுத் தேடினால் அங்கத்தையப் பிள்ளைகள் பார்ப்பவை வரும். வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்தால் டேட்டாவும் மிச்சம், நடுவில் விளம்பரமும் வராது.

முதல் நாள் பார்க்க மட்டும். இரண்டாம் நாள் நடுவில் நிறுத்தி, அதில் வந்த பொருளை வீட்டில் தேடவிடுங்கள். நாலாம் நாள் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள்.

ஸ்பெயின் ஸ்பானியமா, மெக்சிக்கோ ஸ்பானியமா? ரெண்டும் வேறயாமே?

ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதையும் விளங்கிக்கொள்ளலாம். கண்ணில் படும் வேறுபாடு ச ஓசையில்: ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'சப்பாத்தோ'வின் முதல் ஓசையை நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துச் சொல்லுவார்கள், லத்தீன் அமெரிக்காவில் வெறும் ச. சின்னப் பிள்ளைக்கு லத்தீன் அமெரிக்க முறை இலகு, இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதும் அதுதான். ஓதுகிற பிள்ளைகளுக்கு அந்தப் பல்லிடை ஓசையும் அரபில் பழக்கம் என்பதால் இரண்டும் வரும்.

சொற்களும் மாறும். கச்சான் ஸ்பெயினில் 'கக்கவேத்தெ', தென் அமெரிக்காவில் 'மனீ'. உருளைக்கிழங்கு ஸ்பெயினில் 'பத்தாத்தா', அங்கே 'பாப்பா'. பிள்ளைக்கு ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

பாட்டு மெட்டில சொல்லிக்குடுத்தா கெதியா வருமா?

வரும், மெட்டு சொல்லின் அழுத்தத்தைக் கெடுக்காமல் இருந்தால். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. ஸ்பானியத்தில் மாறும்: முதல் அசையை அழுத்திப் 'பாப்பா' என்றால் உருளைக்கிழங்கு, கடைசியை அழுத்திப் 'பப்பா' என்றால் அப்பா. நமக்குத் தெரிந்த மெட்டில் ஸ்பானியச் சொல்லைப் போடும்போது தாளம் பிழையான அசையில் விழுந்தால், பிள்ளை அந்தப் பிழையையே பாடமாக்கும். பாட்டில் ஏறியதை இறக்குவது கஷ்டம்.

கும்மி இதற்குச் சரியான மருந்து. வட்டமாக நின்று சொல்லைச் சொல்லி, அழுத்தும் அசையில் மட்டும் கைதட்டுங்கள். காசா: முதலில் தட்டு. கமரோன்: கடைசியில் தட்டு. பெலோத்தா: நடுவில் தட்டு. கோலாட்டத் தடி இருந்தால் இன்னும் நல்லது.

'எல்', 'லா' எண்டு ஏன் ரெண்டு? மேசையும் பொம்பிளயா எண்டு புள்ள கேக்குது.

நல்ல கேள்வி, அதற்கு நேரான பதிலும் உண்டு. தமிழில் மேசை 'அது'. ஸ்பானியத்தில் எல்லாப் பெயரும் இரண்டு கூட்டத்தில் ஒன்றில் இருக்கவேண்டும். 'எல்' கூட்டம், 'லா' கூட்டம். மேசை பெண் அல்ல, 'லா' கூட்டத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். பிள்ளைக்கு ஆண் பெண் என்று விளங்கப்படுத்தாமல் கூட்டம் என்றே சொல்லுங்கள்.

முதல் நாளிலிருந்தே சொல்லைத் தனியாகச் சொல்லாமல் 'லா மேசா', 'எல் சப்பாத்தோ' என்று சேர்த்தே சொல்லுங்கள். படச் சீட்டில் 'எல்'லுக்கு நீலக் கரை, 'லா'வுக்குச் சிவப்புக் கரை போடுங்கள். ஓவில் முடிந்தால் பெரும்பாலும் எல், ஆவில் முடிந்தால் பெரும்பாலும் லா; 'லா மானோ' (கை), 'எல் தியா' (நாள்), 'எல் மாப்பா' (வரைபடம்) விலக்கு. தண்ணீர் 'எல் ஆகுவா' என்று வந்தாலும் சிவப்புக் கூட்டம்தான். அழுத்தமான ஆவில் தொடங்குவதால் வாய்க்கு வசதியாக 'எல்' வருகிறது. இதை எட்டு வயதுக்கு முன் விளங்கப்படுத்த வேண்டாம்.

நிறங்களும் கூட்டத்துக்கு ஏற்ப மாறும்: 'சப்பாத்தோ றோஹோ', 'மேசா றோஹா'. பேர்தேயும் அசூலும் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றே. அதனால்தான் முதலில் அவை.

முட்டி உடைக்கிறதப் போல ஸ்பானியக்காரருக்கும் ஒண்டு இருக்காமே?

மெக்சிக்கோவின் 'பிஞாத்தா'. பழைய முறையில் அதுவும் மண்முட்டிதான். மேலே கடதாசி ஒட்டி, உள்ளே இனிப்பும் பழமும் போட்டுக் கண்ணைக் கட்டி அடிப்பார்கள். நம் புதுவருச முட்டி உடைத்தலில் பார்க்கிறவர்கள் கத்தி வழிகாட்டுகிற மாதிரி இங்கேயும்: இஸ்கியேர்தா (இடம்), தெரேச்சா (வலம்), அறீபா (மேலே), அபாஹோ (கீழே). திசைச் சொற்களுக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை. அடிக்கும் பிள்ளை கேட்கவேண்டும், சுற்றி நிற்கும் எல்லோரும் பேசவேண்டும்.

சின்னவர்களுக்கு மண்முட்டி வேண்டாம், ஓடு வெட்டும். பலூனை ஊதிக் கட்டி, பத்திரிகைத் தாளை இரண்டு விரல் அகலக் கீலமாகக் கிழித்துப் பசையில் தோய்த்து ஒட்டுங்கள். பசைக்கு ஒரு கப் கோதுமை மாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று கப் தண்ணீரில் ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் கிண்டி, ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு ஆறவிடுங்கள். மூன்று அடுக்கு, ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. ஈரத்துக்கு மேல் ஈரம் ஒட்டினால் பலூனை உடைத்ததும் உள்ளே குழிந்துவிடும். கட்டிய பக்கம் உள்ளங்கை அளவு இடம் விட்டால் டொபி போட வாசல். வெயிலில் நேரே வைக்காதீர்கள், சூட்டில் பலூன் வெடிக்கும்; விறாந்தையில் கட்டித் தொங்கவிடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் இது காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் காலத்தில் மட்டைப்பெட்டிக்கு வண்ணத்தாள் ஒட்டிச் செய்யுங்கள்.

அடிக்கும் பிள்ளையைச் சுற்றித் தடியின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். கோட்டுக்குள் ஒருவரும் வரக்கூடாது, டொபி கொட்டினாலும் தடி கீழே வைத்த பிறகுதான்.

எங்கட முன்பள்ளியில இருவது புள்ளைகள். 'சால்த்தா' எண்டு எல்லாருக்கும் சொல்லலாமா?

'சால்த்தா' ஒரு பிள்ளைக்கு, 'குதி' என்பது போல. பலருக்குச் 'சால்த்தென்', 'குதியுங்கோ' என்பது போல. அப்படியே ஓடுங்கோ 'கோறான்', ஆடுங்கோ 'பாய்லென்', இருங்கோ 'சியென்த்தென்செ'. இது லத்தீன் அமெரிக்க வழக்கு. ஸ்பெயினில் நண்பர் கூட்டத்துக்கு வேறு வடிவம். முழு வகுப்புக்கும் ஒரு கட்டளை, பிறகு ஒரு பிள்ளையின் பெயர் சொல்லி ஒரு கட்டளை என்று மாறி மாறி விட்டால் வித்தியாசம் தானாகக் காதில் ஏறும்.

இருபது பேருக்கு ஒரு லொத்தெரீயா சரிவராது. ஐந்து பேர் கொண்ட நாலு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு பலகை. புளியங்கொட்டை வைக்கும் ஆள் சுற்றுக்குச் சுற்று மாறவேண்டும், இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே எல்லாவற்றையும் வைக்கும்.

புள்ளைக்கு எல்லாம் விளங்குது, ஆனா வாய் திறக்குதில்ல. மூணு மாசமாச்சு.

விளங்குகிறது என்றால் படிக்கிறது. பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் காலம் சில பிள்ளைகளுக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள். 'மாமாக்கு ஸ்பானியத்தில சொல்லிக் காட்டு' என்று விருந்தாளிக்கு முன் நிறுத்துவதுதான் வாயை மூடவைக்கும் பெரிய காரணம்.

ஒரு சொல்லில் பதில் வரும் கேள்வியாகக் கேளுங்கள்: மாங்கோ ஓ பப்பாயா? மாம்பழமா, பப்பாசியா? இரண்டு சொல்லும் கேள்வியிலேயே இருப்பதால் பிள்ளை ஒன்றை எடுத்துத் திருப்பிச் சொன்னால் போதும். 'செ மே ஒல்பிதோ' என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுங்கள். மறந்துபோச்சு என்பதையே ஸ்பானியத்தில் சொல்ல முடிந்த பிள்ளை முழிக்காது.

எப்ப எழுதத் தொடங்கிற?

தமிழ் எழுத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கத் தொடங்கிய பிறகு. பெரும்பாலும் தரம் இரண்டு, மூன்று. ஸ்பானியத்துக்கு 27 எழுத்து. 26 ஆங்கிலத்தில் உள்ளவை. பிரச்சினையும் அங்கேதான்: பிள்ளை அவற்றை ஆங்கிலமாக வாசிக்கும். ஸ்பானியத்தில் எச் எழுதப்படும், ஒலிக்காது. ஆகவே 'ஓலா', 'ஹோலா' அல்ல. ஜே 'ஹ' ஆகும், இரட்டை எல் 'ய' ஆகும், வீயும் பீயும் ஒரே ஓசை. காதில் பழகிய சொற்களை மட்டும் முதலில் எழுத்தில் காட்டினால் இந்தத் தடுமாற்றம் குறையும்.

மிச்சமுள்ள ஒரு எழுத்து, ஆங்கில 'என்' எழுத்துக்கு மேல் சுழிக்கோடு போட்டது. அது ஞ. 'தெங்கோ சின்க்கோ ஆஞோஸ்' என்றால் எனக்கு ஐந்து வயது. சுழிக்கோட்டை விட்டால் அந்தச் சொல் சபையில் சொல்லமுடியாத உறுப்பின் பெயராகிவிடும். ஸ்பானியக்காரர் முன் பிள்ளையைப் பேசவிட முன்னர் இந்த ஞ நன்றாக வருகிறதா என்று பாருங்கள்.

கூகுள் மொழிபெயர்ப்பில போட்டுப் பாத்துச் சொல்லிக்குடுக்கலாமா?

ஒற்றைச் சொல்லாகப் போடாதீர்கள். 'மாலை' என்று போட்டால் கழுத்தில் போடுவதா, பின்னேரமா என்று அதற்குத் தெரியாது. முழு வசனமாகப் போட்டு, வந்த ஸ்பானியத்தை மறுபடி தமிழுக்குத் திருப்பிப் பாருங்கள். மீனில் இன்னொரு நுணுக்கம்: வாவியில் நீந்தினால் 'பேஸ்', சட்டிக்கு வந்தால் 'பெஸ்காதோ'. பொருளை உறுதிப்படுத்த ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. விளக்கம் ஸ்பானியத்தில்தான், ஆனால் சொல் எந்தக் கூட்டம் என்பதை உடனே காட்டும்.

நீ, நீங்கள் வித்தியாசம் இருக்கா? அறுகம்பேயில வாற வெள்ளக்காரரோட எப்பிடிப் பேசச் சொல்லிற?

இருக்கிறது. 'தூ' நீ, 'உஸ்தேத்' நீங்கள். ஆனால் எல்லை நம் எல்லை அல்ல. ஸ்பெயினில் பிள்ளைகள் ஆசிரியரிடமும் 'தூ' என்றே பேசுவது சாதாரணம். கொலம்பியாவின் பல பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே 'உஸ்தேத்' கேட்கும். நம் பிள்ளைக்கு ஒரே விதி கொடுங்கள்: சகபாடிக்குத் 'தூ', வயதில் மூத்தவருக்கு 'உஸ்தேத்'. மரியாதை கூடிப்போனதற்காக ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். அவர்களே 'தூ' என்று சொல்லச் சொன்னால் மாறலாம்.

ஏதும் சோதின, சேட்டிபிக்கட் இருக்கா?

ஸ்பெயின் அரசின் சார்பில் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் 'தேலே' சோதனையில் மாணவர்களுக்கென்று தனி வடிவம் உண்டு. 11 முதல் 17 வயது வரையானவர்களுக்கானது, தொடக்க நிலையிலிருந்து எடுக்கலாம். அந்த நிறுவனம் 1991 இல் தொடங்கியது, நமக்குக் கிட்டிய கிளைகளில் ஒன்று புதுதில்லியில் இருக்கிறது.

பதினொரு வயதுக்கு முன் சோதனை தேவையில்லை. முன்னேற்றம் பார்க்க மாதம் ஒருமுறை பிள்ளை லொத்தெரீயா கூப்பிடுவதைத் தொலைபேசியில் பதிந்து, திகதி போட்டு வையுங்கள். மூன்று பதிவு சேர்ந்ததும் 'சின்க்கோ' சரியாக வருகிறதா, 'லா', 'எல்' சேர்த்துச் சொல்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த மாதம் எதில் நேரம் செலவழிக்கவேண்டும் என்பது அதிலேயே தெரியும்.